யானைக்குட்டி எனக்குப் போட்ட மார்க்

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். போன வாரம் ஒரு அப்பா அதில் உட்கார்ந்து அப்படியே பூந்தொட்டிக்குள் போய்விட்டார். இதில் உட்காருங்க. அட்மிஷன்தானே? கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் பிறப்புச் சான்றிதழ், முகத்தில் பயம். பார்த்தாலே தெரிகிறது. பையனா, பொண்ணா? பொண்ணா. யூ.கே.ஜி.யா. நல்லது. ஆபீஸில் பத்தரைக்கு மேல்தான் ஆள் வரும். ஒன்பதரை என்று போர்டில் எழுதியிருக்கிறதே, அது அழகுக்கு.

நானா? என் பெண் தன்விகா இங்கேதான் நாலாவது படிக்கிறாள். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு லீவாயிற்றே, இந்த அம்மாள் எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்கிறீங்க. எனக்கு ஒரு சின்ன வேலை. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நீங்க சொல்லுங்க, திருச்சியில் இத்தனை பள்ளிக்கூடம் இருக்க இந்த லிட்டில் மேப்பிளை எதற்குப் பிடித்தீங்க? மேப்பிள் மரத்தை இந்த ஊரில் யார் பார்த்தது. வாசலில் நிற்பது புங்கமரம். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது என்றா? இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆப் இருக்கிறது என்றா? நோட்டீஸில் யானைக்குட்டி படம் போட்டிருந்ததா? டை கட்டின யானைக்குட்டி?

சரி. அந்த யானைக்குட்டியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நான் யாரென்று முதலில் தெரிந்துகொள்ளுங்க. பெயர் மங்கையர்க்கரசி. கான்வென்ட்டில் படித்தவள். இப்போது தெருவுக்கு நாலு இருக்கிறதே, பெயரில் மட்டும் கான்வென்ட், அது இல்லை. நிஜ சிஸ்டர்கள் நிஜ அங்கி போட்டுக்கொண்டு நிஜப் பிரம்பு வைத்திருந்த கான்வென்ட். காம்பவுண்டுக்குள் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டி விடுவார்கள். அடுத்து யார் தமிழ் பேசி மாட்டுகிறாளோ, அவள் கழுத்துக்கு அது போகும். நான் அந்தக் கட்டையைப் போட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை போட்டேன், அது தேள் கொட்டினபோது. தேள் கொட்டினால் யாருக்கு இங்கிலீஷ் வரும்.

எங்களுக்கு ரீடிங் எடுத்தது சிஸ்டர் பெர்னதெத். எழுந்து நில், கையைப் பின்னால் கட்டு, முகவாயை நிமிர்த்து, வாசி. எப்படி வாசிக்க வேண்டும்? ஒரே மூச்சில். பக்கத்தின் மேலே ஆரம்பித்தால் கீழே வந்துதான் அடுத்த மூச்சு. நடுவில் நின்றால் இவளுக்குத் தெரியவில்லை, அதனால் நிற்கிறாள் என்று கணக்கு. ஸ்கேல் மணிக்கட்டில் இறங்கும். நான் ஒரு பக்கத்தை இருபத்திரண்டு வினாடியில் முடிப்பேன். கடைசி பெஞ்சுக்கு அப்பால், சுவருக்கு அப்பால், தோட்டத்தில் தண்ணீர் விடுகிறவருக்கும் கேட்கும். என்ன வாசித்தேன் என்று கேட்காதீங்க. அதைக் கேட்கிற வழக்கம் அப்போது இல்லை.

எட்டாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் வெல்கம் ஸ்பீச் நான்தான். பிஷப் வந்திருந்தார். நான் பேசி முடித்ததும் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவ்வளவு வேகம்.

அப்படிப்பட்ட இங்கிலீஷை வைத்துக்கொண்டு கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷமாக நான் யாரிடம் பேசுவது? எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருக்கிறார். அவர் தமிழிலேயே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான். கேஸ் தீர்ந்துபோய்ப் போன் பண்ணினால் தமிழுக்கு ஒன்றை அழுத்து, இங்கிலீஷுக்கு இரண்டை அழுத்து என்கிறது. நான் இரண்டைத்தான் அழுத்துவேன். அங்கேயும் ஒரு பொண்ணு எடுத்து, சொல்லுங்க மேடம் என்கிறது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜூன் மாதம் இந்த ஆப் வந்தபோது எனக்கு அதைப் பற்றி ஒரு பயமும் இல்லை. பயம் மற்ற அம்மாக்களுக்கு. கீழ்வீட்டுக் கனகா இருக்கிறாள், மாவுக் கடை வைத்திருக்கிறாள், கார்ப்பரேஷன் ஸ்கூலில் தமிழ் மீடியம், பத்தாவது வரைக்கும். அவள் பெண் நேத்ராவும் தன்விகாவும் ஒரே வகுப்பு. அவள் என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு இதெல்லாம் வருமா, பயமாயிருக்கு" என்றாள். "உனக்கு எதுக்கு வரணும் கனகா, நீ மாவைப் பாரு" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

முதல் நாள் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டு ஸ்மார்ட் போர்டை விளக்கினார்கள். பிரின்சி மிஸ் என்று ஒரு பொண்ணு, இங்கிலீஷ் எடுக்கிறாள், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. போர்டைத் தொட்டாள், மழை பெய்தது. இன்னொரு இடத்தைத் தொட்டாள், மழைக்கு இங்கிலீஷில் என்ன என்று போர்டே சொன்னது. இடிக்கும் சொன்னது. அம்மாக்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அந்த நேரம் கரண்ட் போயிற்று. மிஸ் போர்டைப் பார்த்தாள். போர்டு மிஸ்ஸைப் பார்த்தது. சரி, சாக்பீஸாவது எடுங்கம்மா, நான் சொல்லித் தருகிறேன் என்றேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினார்கள், ஒரு சாக்பீஸ் இல்லை. சமையல் கட்டிலிருந்து கோலமாவு கொண்டுவந்தார்கள். பாருங்க, அதுதான் இதில் உள்ள கஷ்டம்.

நல்லது இல்லையா என்றால், இருக்கிறது. நான் நியாயமாகத்தான் பேசுவேன். வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாம் அந்த யானைக்குட்டியிடம் பேசுகின்றன. எத்தனை தடவை தப்பாக வாசித்தாலும் அது அடிப்பதில்லை. அழும், அவ்வளவுதான். சிஸ்டர் பெர்னதெத் ஒரு நாளும் அழுததில்லை.

ஆப் எப்படி என்றால், தினம் ஒரு குட்டிக் கதை வரும். பிள்ளை வீட்டில் அம்மா போனில் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். யானைக்குட்டி காதை விரித்துக் கேட்டுவிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். எண்பதுக்கு மேலே போனால் தும்பிக்கையைத் தூக்கிப் பூவாய்த் தெளிக்கும். ஐம்பதுக்குக் கீழே போனால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைக்குட்டை எடுத்து, அழும். ஒரு நாளைக்கு மூன்று தடவை வாசிக்கலாம். மூன்றும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து சராசரி ஆகும். நாலாம் வகுப்பில் நவம்பர் வரைக்கும் எந்தப் பிள்ளை முதலில் நிற்கிறதோ அந்தப் பிள்ளைக்குத்தான் டிசம்பர் ஆண்டு விழாவில் வெல்கம் ஸ்பீச்.

தன்விகாவுக்கு அதுதான் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு ஃபிரிட்ஜை வரவேற்பாள். வாஷிங் மெஷினைத் தலைமை விருந்தினராக உட்காரவைத்து அதற்கு ஒரு துண்டைப் போர்த்துவாள். என் பெண்ணாயிற்றே.

முதல் இரண்டு வாரம் அவளே வாசித்தாள். ரூம் கதவைச் சாத்திக்கொள்வாள். தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு என்று வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கதவில் காதை வைத்துக் கேட்டேன். எனக்குப் பகீர் என்றது. நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கதை சொல்கிற மாதிரி. நடுவில் சிரிக்க வேறு செய்கிறாள். இதற்கே தொண்ணூறு போடுகிற யானைக்குட்டி, கான்வென்ட் ரீடிங்கைக் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம்.

ஜூலையில் அவளுக்கு ஒரு நாள் ஜுரம். படுத்துக் கிடக்கிறாள். அன்றைக்கு வாசிக்கவில்லை என்றால் பூஜ்யம் விழும். எந்தத் தாய் விடுவாள்? நான் போனை எடுத்தேன். ஹாலில் நின்றேன், கையைப் பின்னால் கட்ட முடியவில்லை, போன் இருக்கிறதே, ஒரு கையை மட்டும் கட்டினேன். முகவாயை நிமிர்த்தினேன். வாசித்தேன். முப்பது வருஷம் கழித்தும் ஒரே மூச்சு. எதிர் ஃபிளாட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

நாற்பத்தொன்று.

யானைக்குட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கைக்குட்டையை எடுத்தது. கீழே ஒரு வரி வந்தது: நிதானமாக, மூச்சு விட்டு வாசிக்கவும்.

என்னைப் பார்த்து. மூச்சு விடச் சொல்கிறது.

நெட்வொர்க் சரியில்லை என்று மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று வாசித்தேன். முப்பத்தெட்டு. இன்னும் சத்தம் வேண்டும்போல என்று இன்னும் சத்தமாக வாசித்தேன். முப்பத்தாறு. மூன்றும் முடிந்தது. அன்றைய கடை மூடியாயிற்று.

மறுநாள் தன்விகாவுக்கு ஜுரம் விட்டது. "ம்மா, நான் வாசிக்கட்டுமா?" என்றாள். எப்படிக் கொடுப்பேன்? என்னால் அவள் சராசரி இறங்கியிருக்கிறது, நான்தானே சரி செய்ய வேண்டும். "இரு, அம்மா சரி பண்ணிட்டுத் தரேன்" என்றேன். டிராயிங் வகுப்புக்கு அனுப்பிவிட்டு வாசித்தேன். நாற்பது. முப்பத்தேழு. நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு பாருங்க, ஏறுகிறது. அந்த ஏற்றத்தை விடலாமா? அதற்கடுத்த நாளும் கேட்டாள். "இரு, அம்மா சரி பண்ணிட்டுத் தரேன்." ஆகஸ்டில் கேட்டாள். "இரு, சரி பண்ணிட்டுத் தரேன்." செப்டம்பரில் கேட்பதை நிறுத்திவிட்டாள். பொறுமையான பெண்.

அந்தச் சமயத்தில்தான் கனகா. மாவு வாங்கப் போயிருந்தேன். கிரைண்டர் ஓடுகிறது, அவள் ஸ்டூலில் போனை நிறுத்திவைத்துக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். பார்த்தால் நம்ம யானைக்குட்டி. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"என்ன கனகா இது?"

"சும்மாக்கா. நேத்ரா வாசிச்சு முடிச்சதும், ஓரத்துல பெற்றோர் பயிற்சின்னு ஒரு பட்டன் இருக்குல்ல, அதத் தட்டினா நாமளும் வாசிக்கலாம். கணக்குல சேராது. தப்பா வாசிச்சாலும் யாருக்கும் தெரியாது."

"எவ்வளவு வருது?"

"இன்னைக்கு தொண்ணூத்தொண்ணுக்கா."

நான் மாவை வாங்காமல் வந்துவிட்டேன். தொண்ணூற்றொன்று. அவள் வாசித்ததைக் கேட்டேன், அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து, அளந்து, தூக்கில் மாவு ஊற்றுகிற மாதிரி ஊற்றுகிறாள். ஒரு சொட்டு சிந்துவதில்லை. அதற்குத் தொண்ணூற்றொன்று. எனக்கு நாற்பத்திரண்டு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டனா? என்ன பட்டன்? ஆமாம், பட்டன் என்று ஏதோ சொன்னாள். நான் தொண்ணூற்றொன்றைக் கேட்டவள், பட்டனை எங்கே கேட்டேன்.

அப்புறம் நான் முறையாகவே இறங்கினேன். காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளிப்பேன். எங்கள் வீட்டுக்காரர், "பாட்டுக் கச்சேரியா?" என்றார். அன்றைய பத்தில் இரண்டு வார்த்தை அதில் போயிற்று. சமையல் ஒரு பக்கம், வாசிப்பு ஒரு பக்கம். யானைக்குட்டி தினம் மூன்று வேளை அழுதது. மாத்திரை மாதிரி.

நவம்பரில் பெற்றோர் கூட்டம்.

நாலாம் வகுப்பு அறை. பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க, முப்பது அம்மா, ஆறு அப்பா. என் பக்கத்தில் கனகா. பிள்ளைகள் எல்லாம் அம்மா அப்பா பக்கத்தில் நிற்கின்றன. பிரின்சி மிஸ் போர்டைத் தட்டினாள், பட்டியல் வந்தது. மேலே பச்சை. முதல் பெயர் நேத்ரா. நடுவில் மஞ்சள். கீழே, ரொம்பக் கீழே, சிவப்பில் ஒரே ஒரு பெயர்.

தன்விகா என் சேலையைப் பிடித்தாள். "ம்மா, நானா லாஸ்ட்டு?" என்றாள். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

நான் சும்மா இருக்கிற ஆளா. "மிஸ், உங்க மெஷின் சரியில்ல" என்றேன்.

"எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு மேம். கிளாஸ்ல நல்லா வாசிக்கிறா. வீட்ல வாசிக்கிறதுதான் ஜூலையிலேர்ந்து இப்படி வருது. உங்களுக்கு நாலு மெசேஜ் கூட அனுப்பினேன்."

"வீட்டுல நெட்வொர்க் சரியில்ல."

"நெட்வொர்க் இல்லன்னா மார்க்கே வராது மேம். அது கேட்டுத்தான் போடுது."

"என்னத்தக் கேட்டுச்சு? எப்படி நம்புறது? ஆதாரம் எங்க?"

அது கேட்டுவிட்டு விட்டுவிடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் மாதிரி.

"ஆதாரம் இருக்கு மேம். எல்லா வாய்ஸும் சேவ் ஆகியிருக்கு. ஒண்ணு போடட்டுமா?"

முப்பத்தைந்து பேர் பார்க்கிறார்கள். வேண்டாம் என்றால் என்ன நினைப்பார்கள். "போடுங்க" என்றேன்.

போர்டின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் இருக்கிறது, சினிமா தியேட்டரில் இருக்கிற மாதிரி. என் குரல் வந்தது. ஒரு தபால்காரர், ஒரு குடை, மழை, என்னவோ கதை. நல்ல கணீர் என்று வந்தது, அதை இன்றைக்கும் சொல்வேன். நடுவில் குக்கர் விசில். பிறகு, 'ஏங்க, மூணாவது விசில் வந்தா அணைங்கன்னு சொன்னேன்ல'. பிறகு தபால்காரர். பிறகு, 'கனகா மாவு இன்னைக்கும் புளிக்கல, இட்லியா இது, எறிஞ்சா மண்டை உடையும்'. பிறகு குடை. பிறகு, 'இந்தப் பிரின்சி மிஸ்ஸுக்கு என்ன தெரியும், நேத்து காலேஜ் முடிச்ச பொண்ணு'. பிறகு மழை. கடைசியில், 'என்ன அழற? இப்ப எதுக்கு அழற? தும்பிக்கைய ஒடிச்சிடுவேன் படவா'.

அப்புறம் கிர்ர் என்று ஒரு சத்தம். முடிந்தது.

பின்னால் ஒரு அப்பா இருமினார். அது இருமல் இல்லை. கனகா மெதுவாக, "மாவு புளிக்கலன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள்.

பிரின்சி மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "மேம், இது தன்விகா வாய்ஸா?"

"ஆமா. அவளுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு."

"நாலு மாசமாவா மேம்?"

"நாட்டு மருந்து குடுத்துட்டிருக்கோம்."

பின்னாலிருந்து அந்த இருமல் அப்பா, "பாப்பா யாருங்க வீட்டுல 'ஏங்க'ன்னு கூப்பிடுது?" என்றார். அவர்தான் போன வாரம் பூந்தொட்டிக்குள் போனவர். கடவுள் இருக்கிறார்.

மிஸ் அவரைப் பார்க்கவில்லை. தன்விகாவைக் கூப்பிட்டாள். "நீ வா கண்ணா. அதே கதைய இப்ப வாசி. அவ்வளவுதான், பிரச்சினை முடிஞ்சிடும்."

தன்விகா முன்னால் போனாள். போர்டில் கதை பெரிய எழுத்தில் வந்தது. அவள் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வாசி என்று. அவள் என்ன செய்தாள் தெரியுமா? கையைப் பின்னால் கட்டினாள். முகவாயை நிமிர்த்தினாள். வாசித்தாள்.

ஒரே மூச்சு. தோட்டம் வரைக்கும் கேட்கிற சத்தம். அச்சு அசல் நான். நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தினம் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. ஒரு நொடி எனக்குப் பூரித்துப்போயிற்று. சிஸ்டர் பெர்னதெத் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முப்பத்தொன்பது.

போனில் கட்டைவிரல் அளவு இருந்த யானைக்குட்டி, போர்டில் ஆள் உயரம். அது உட்கார்ந்தது. கைக்குட்டையை எடுத்தது. போர்வை அளவு கைக்குட்டை.

தன்விகா மிஸ்ஸிடம் திரும்பினாள். "அது எல்லாமே நான்தான் மிஸ் வாசிச்சேன். எனக்கு இவ்வளவுதான் வரும்."

பின்னால் கட்டின கையில் ஒரு விரலை இன்னொரு கை நெரித்துக்கொண்டிருந்தது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தெரிந்தது. காது இரண்டும் சிவந்திருந்தது. ஃபிரிட்ஜுக்கு வணக்கம் சொன்ன பிள்ளை.

எனக்கு ஒரு குணம், அநியாயத்தைக் கண்டால் பொறுக்காது. அந்த யானை என் பெண்ணைப் பார்த்து அழக் கூடாது. அழுவதாக இருந்தால் அழ வேண்டியவளைப் பார்த்து அழட்டும். நான் எழுந்தேன். குட்டி பெஞ்சு, என்னோடு சேர்ந்து அதுவும் கொஞ்சம் எழுந்தது, கனகா பிடித்து இறக்கினாள்.

"மிஸ், அது நான்தான். அவ இல்ல. ஜூலையிலேர்ந்து நான்தான்" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். தேள் கொட்டினபோது வந்த மாதிரி வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அப்பா கூடச் சிரிக்கவில்லை. மிஸ் தன்விகாவின் கட்டின கையை அவிழ்த்துவிட்டு, "இப்ப உன் மாதிரி வாசி" என்றாள்.

இவள் வாசித்தாள். கதவுக்குள்ளே வாசித்த மாதிரி. நிறுத்தினாள், திரும்பி எங்களைப் பார்த்தாள், மறுபடி வாசித்தாள். ஒரு இடத்தில் ரொம்ப நேரம் நிறுத்தினாள். அறையே நின்றது. மின்விசிறி மட்டும் ஓடியது. அப்புறம் சொன்னாள், மழையில் அந்தத் தபால்காரர் குடையைத் தன் தலைக்கு மேலே பிடிக்காமல், கடிதப் பைக்கு மேலே பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டே போனார் என்று. அந்தக் கதையை நான் ஒரே நாளில் மூன்று தடவை வாசித்திருக்கிறேன். அதில் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

தொண்ணூற்று நாலு. ஆள் உயர யானைக்குட்டி தும்பிக்கையைத் தூக்கிப் பூவாய்த் தெளித்தது. என் கண்ணில் என்னவோ விழுந்தது. அந்த அறையில் ஒட்டடையே அடிப்பதில்லை.

கூட்டம் முடிந்ததும் மிஸ் என் போனை வாங்கி அந்தப் பெற்றோர் பயிற்சிப் பட்டனைக் காட்டினாள். ஓரத்தில், பச்சையாக, என் கட்டைவிரல் தினம் படுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "முதல் நாளே எழுதிக் குடுத்தேனே மேம்" என்றாள். கொடுத்தாள்தான். இங்கிலீஷில் இருந்தது, அதனால் படிக்கவில்லை. எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே.

என் முந்நூற்றுச் சொச்சம் வாசிப்பையும் கணக்கிலிருந்து தூக்கினார்கள். தூக்கினதும் தன்விகா சிவப்பிலிருந்து எழும்பி நேத்ரா பக்கத்தில் போய் நின்றாள். இருவரும் சேர்ந்து பேசட்டும் என்று மிஸ் முடிவு செய்தாள். கனகா இரண்டு பேருக்கும் ஒரே துணியில் பாவாடை தைக்கக் கொடுத்தாள். நான் மாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் எனக்குக் கொடுக்கிற மாவு மட்டும் அப்படிப் புளித்துக் கிடக்கிறது. கேட்கவும் முடியாது.

விழா நன்றாக நடந்தது. இவள் வணக்கம் சொல்லிவிட்டு நிறுத்தினாள். மறந்துவிட்டாளோ என்று நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். மறக்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கிறாள். கூட்டமும் அவளைப் பார்த்தது. அப்புறம் பேசினாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், கை தட்ட வேண்டிய இடத்தில் தட்டினார்கள். தலைமை விருந்தினர் தண்ணீரே கேட்கவில்லை.

அதனால் பயப்படாமல் சேருங்க. மெஷின் நல்ல மெஷின்தான். போனை மட்டும் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, நீங்க அடுப்படிக்குப் போய்விடுங்க. சாக்பீஸ் ஒரு டப்பா வாங்கிப் பையில் போட்டு அனுப்புங்க, கரண்ட் போனால் உதவும்.

இருங்க, மணி அடிக்கிறது. நான் போக வேண்டும்.

எங்கேயா? அந்த ரூமுக்குத்தான். சனிக்கிழமை பத்து மணிக்கு அம்மா அப்பாக்களுக்கு ரீடிங் வகுப்பு. முதல் நிலை இந்த ரூம், இரண்டாம் நிலை மாடியில். கனகா மாடியில் இருக்கிறாள். நான் எதற்குப் போகிறேன் என்றால், எப்படித்தான் சொல்லித்தருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளத்தான். ஒருத்தராவது கண்காணிக்க வேண்டாமா. பிரின்சி மிஸ் பரவாயில்லை, ஸ்கேல் எடுப்பதில்லை.

அந்த டைரியைக் கொடுங்க, என் வகுப்பு டைரி, உங்க கவரோடு சேர்ந்து போய்விடும். பிரிக்காதீங்க. சரி, பிரித்துவிட்டீங்க. வாரா வாரம் வீட்டில் வாசித்ததைப் பார்த்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. எங்கள் வீட்டுக்காரருக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது, அதனால் தன்விகா போடுகிறாள். பென்சிலில் எழுதியிருக்கிறாள் பாருங்க: 'அம்மா இந்த வாரம் மூன்று இடத்தில் மூச்சு விட்டாங்க. நல்ல முன்னேற்றம்.'

மூன்று இல்லைங்க, நாலு. கடைசி ஒன்றை அவள் எண்ணாமல் விட்டுவிட்டாள்.